பத்திரத்தில் அப்பா பெயர், வருஷமோ அவர் பிறப்பதற்கு முந்தி

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டத்தார் ஞாயிறுதோறும் குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் சொல்லித்தரப் போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். எட்டு வாரம், கட்டணம் இல்லை. போனால் பிரயோசனம் உண்டா, வெறும் பொழுதுபோக்குக் கூட்டமா? எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய பத்திரம் இருக்கிறது (படம் அனுப்பியிருக்கிறேன்). எழுதிக்கொடுத்தவர் பெயர் என் அப்பாவின் பெயர். அப்பா பிறந்தது 1936இல். தாளோ அதைவிடப் பழசாகத் தெரிகிறது. வருஷம் போட்ட இடத்தில் 'அ', 'ங' மாதிரி எழுத்துகள்தான் இருக்கின்றன. தாத்தாவுக்கு முந்தி யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பணம் கட்டினால் வம்சாவளி எடுத்துத்தரும் வெளிநாட்டு இணையதளங்கள் உதவுமா?

பதில்: வகுப்புக்குப் போங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பத்திரத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடக்கிறது.

முதல் வரியில் இருப்பது இது: 'கொல்லம் ௲௮௰௩ ௵ கீலக ௵ ஆனி ௴'. நீங்கள் 'அ' என்று படித்தது ௮, அதாவது எட்டு. 'ங' என்று படித்தது ௩, மூன்று. ௲ என்றால் ஆயிரம், ௰ என்றால் பத்து. ஆயிரம், எட்டுப் பத்து, மூன்று: 1083. ௵ வருஷத்துக்கும் ௴ மாதத்துக்கும் குறி. தமிழ் எண்கள் எழுத்தின் வேஷத்தில் இருப்பதால் எல்லாருக்கும் இந்தத் தடுமாற்றம் வரும். ௧ஐ 'க' என்றும் ௨ஐ 'உ' என்றும் படித்துவிட்டு, அது யாரோ ஒருவருடைய இனிஷியல் என்று நினைத்துக்கொண்டவர்கள் என் வகுப்பிலேயே உண்டு.

நெல்லைச் சீமையில் பழைய காகிதங்கள் பெரும்பாலும் கொல்லம் ஆண்டில்தான் (மலையாள ஆண்டுக்கணக்கு) பேசும். நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதி பிறக்கிறது. ஆவணி தொடங்கி டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825. உங்கள் பத்திரம் ஆனி மாதம், ஆகவே 1083உடன் 825ஐக் கூட்ட 1908. இத்தோடு விட்டுவிடக் கூடாது. பக்கத்தில் இருக்கும் 'கீலக' என்ற பெயரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். கீலக வருஷம் 1908 சித்திரையில்தான் பிறந்தது, ஆக ஒத்துப்போகிறது. அறுபது வருஷச் சுற்றில் 1848, 1968 ஆகியவையும் கீலகதான் என்பதால் தமிழ் வருஷப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் போகாதீர்கள். இன்னொரு சின்னச் சிக்கல்: தமிழ் வருஷம் சித்திரையில் மாறும், கொல்லம் ஆவணியில் மாறும். உங்கள் பத்திரம் இரண்டு மாதம் தள்ளி எழுதப்பட்டிருந்தால் அதே கீலக வருஷம், ஆனால் கொல்லம் 1084 என்று இருந்திருக்கும்.

சரி, 1908இல் உங்கள் அப்பா பெயரில் எழுதிக்கொடுத்தவர் யார்? அப்பாவின் தாத்தாவாக இருக்கலாம். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே பெயரைச் சுமப்பவன் என்றுதானே வந்தது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். ஒரு தாத்தாவுக்கு நாலு மகன்கள் என்றால், நாலு வீட்டிலும் மூத்த பையனுக்கு அதே பெயர் விழும். ஒரே தெருவில் நாலு சுடலைமுத்து. 'நெட்டை', 'மில்லுக்காரன்', 'கீழ வீடு' என்று ஊர் அவர்களைப் பிரித்துக் கூப்பிட்டது. பத்திரம் எழுதியவர் அதையெல்லாம் எழுதவில்லை. நான் இரண்டு வருஷம் என் பூட்டனார் என்று நினைத்து ஒருவரைப் பின்தொடர்ந்தேன். அவர் கடன் வாங்கியது, கிணறு வெட்டியது என்று நோட்டு நிறைய எழுதியும் வைத்தேன். கடைசியில் அவர் நிலம் வாய்க்காலுக்கு மேல்கரையில் இருந்தது, எங்கள் நிலம் கீழ்கரையில். அவர் என் பூட்டனாரின் சித்தப்பா மகன். நோட்டை அந்த வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன், அவர்களுக்குச் சந்தோஷம்.

அன்றிலிருந்து வகுப்பில் நான் முதலில் சொல்வது: பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், நிலத்தையும் கோயிலையும் பிடித்துக்கொண்டு போங்கள்.

நிலம் என்றால் பத்திரத்தின் நடுவில் 'நான்கு மால்', அதாவது நாலு பக்க எல்லை, என்று எழுதியிருக்கும் பகுதி. எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உங்கள் பத்திரத்தில் கிழக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை, மேற்கே ஒருவருடைய 'கிரய பாத்தியம்', வடக்கே இன்னொருவருடைய 'பாகம்' என்று இருக்கிறது. மேற்கே இருப்பவர் விலைக்கு வாங்கியவர். வடக்கே இருப்பவர் பாகம் பிரித்து எடுத்தவர். ஒட்டியிருக்கும் நிலத்தில் 'பாகம்' என்ற சொல் வந்தால், அவர் எழுதிக்கொடுத்தவரின் அண்ணன் தம்பியாகவோ பெரியப்பா சித்தப்பா மகனாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் இவர்களுக்குள் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்திருக்க வேண்டும். அது கிடைத்தால் ஒரே தாளில் ஒரு தலைமுறை ஆண்கள் முழுக்கக் கிடைத்துவிடுவார்கள்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் கையெழுத்தோடு எத்தனையாவது புத்தகம், எந்த வால்யூம், எந்தப் பக்கம், என்ன நம்பர் என்று எழுதியிருக்கும்; பெருவிரல் ரேகையும் அடையாளம் காட்டியவர் பெயரும் இருக்கும். அந்த நாலு எண்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது 1975க்குப் பிந்தியவற்றுக்குத்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். அதற்கு முந்தியவற்றுக்கு அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். வால்யூமும் பக்கமும் கையில் இருந்தால் வேலை சுருக்கமாக முடியும், இல்லாவிட்டால் இழுக்கும். அப்புறம், பத்திரத்தில் சர்வே எண் இருந்தால் தாத்தா காலத்துப் பட்டாவில் அதே எண் உட்பிரிவோடு வருகிறதா என்று பாருங்கள். நிலம் கைமாறாமல் தாத்தாவிடம் வந்திருந்தால், 1908இல் எழுதியவர் உங்கள் கொள்ளுத்தாத்தா என்பதற்கு அதுதான் சாட்சி. இரண்டு வேறு காகிதங்கள் ஒத்துக்கொள்ளும்வரை அந்தப் பெயரைப் பென்சிலால்தான் எழுத வேண்டும்.

இனி கோயில். பங்குனி உத்திரத்துக்கு நீங்கள் எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறீர்கள்? நம் பக்கத்தில் எங்கே குடிபோனாலும் அன்றைக்கு வேர் இருக்கும் கோயிலுக்கு வந்து நிற்போம். ஊரைவிட்டு மூன்று தலைமுறைக்கு முன் போனவர்கள்கூடக் குலசாஸ்தாவை விடுவதில்லை. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கும் நோட்டு யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. ஒருவர் எந்த வருஷம் புதிதாக அந்த நோட்டில் ஏறினார், எப்போது பெயர் அடிக்கப்பட்டது என்பதிலிருந்து கல்யாணமும் சாவும் ஏறத்தாழத் தெரிந்துவிடும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போய்க் குடில் போட்டுத் தங்கும் குடும்பம் என்றால், அக்கம்பக்கத்துக் குடில்காரர்கள் யார் என்று கேட்டாலே பல முடிச்சுகள் அவிழும்.

தலைக்கட்டு நோட்டில் பெண்கள் வரமாட்டார்கள். பத்திரத்திலும் அபூர்வம். அவர்களைத் தேட மொய் நோட்டுதான். ஒவ்வொரு வரியும் ஊர்ப்பெயரோடு தொடங்கும்: 'கடையம், இன்னார், ரூ. 5'. தாய்மாமன் எந்த ஊரிலிருந்து வந்து முதலில் எழுதினார் என்று பார்த்தால் ஆச்சி பிறந்த வீடு தெரியும். வீட்டில் வயசான அத்தைமார் இருந்தால், 'உங்க அம்மா பொறந்த வீட்டுச் சாஸ்தா யாரு?' என்று கேளுங்கள். வருஷம் கேட்டால் பதில் வராது. என் பெரியத்தையிடம் ஐயா எப்போது பிறந்தார் என்று கேட்டால் 'எனக்கெப்படி தெரியும்' என்பாள். மணிமுத்தாறு அணை கட்டியபோது நீ சின்னப் பிள்ளையா என்று கேட்டதும், 'எனக்கு அப்பத்தாம்லா கல்யாணம் பேசுனாவ' என்று கதை வந்தது. அணை 1950களில் கட்டியது. அதுபோல ஒரு முளை அடித்துவிட்டு மற்றதைக் கட்டிக்கொள்ளலாம்.

படம் வரையும்போது மிரண்டுவிடாதீர்கள். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் கிளைகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். வெளிநாட்டு இணையதளங்கள் உதவுமா என்று கேட்டீர்களே, அங்கேதான் அவை திணறுகின்றன. அவை குடும்பப் பெயரை வைத்துத் தேடக் கட்டப்பட்டவை. நமக்கு இருப்பது இனிஷியல், அது ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள்.

வகுப்புக்கு ஏன் போகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் தேடும் தாள் உங்கள் பெட்டியில் இருக்க வேண்டும் என்று இல்லை. பாகம் பிரித்த மற்றவருடைய கொள்ளுப்பேரன் அந்த நூலகத்தில் உங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கலாம். சுற்றுவட்டாரத்து ஆட்கள் இருபது பேர் தங்கள் காகிதங்களோடு ஒரு மேசையைச் சுற்றி உட்காருவது எந்த இணையதளத்திலும் கிடைக்காது. நடத்துபவரிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: வந்திருப்பவர்களின் காகிதத்தை வைத்துப் பாடம் நடக்குமா, ராஜாக்கள் கதை மட்டும்தானா? எட்டு வாரமும் பாண்டியர், நாயக்கர், பாளையக்காரர் என்றே போனால் முதல் இரண்டு வாரம் கேட்டுவிட்டு வந்துவிடலாம். ஒவ்வொரு சாதிக்கும் அரச வம்சம் என்று சொல்லும் ஒரு சிறுபுத்தகம் உண்டு. அதை யாராவது கொண்டுவந்தால் மரியாதையாக வாங்கி ஓரமாக வையுங்கள்.

ஊர் வரலாற்றுக்கு கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறும், பேட் தொகுத்த 1917ஆம் ஆண்டு கெசட்டியரும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டும் ஆங்கிலம். கல்வெட்டில் உங்கள் பூட்டனார் வரமாட்டார், ஆனாலும் ஒரு நாள் எல்லாருமாக மானூர் போய்வரச் சொல்வேன். ஏறத்தாழ 1,200 வருஷத்துக்கு முந்திய வட்டெழுத்துக் (பழைய தமிழ் எழுத்துமுறை) கல்வெட்டு. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று விதி சொல்கிறது. எதற்கெடுத்தாலும் குறுக்கே மறுத்துப் பேசுபவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் போட்டிருக்கிறது. நம் வாசகர் வட்டங்களுக்கும் ஆகும்.

நிலமே இல்லாத குடும்பங்களுக்குப் பத்திரம் எங்கே என்று கேட்பவர்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு, இலங்கைத் தோட்டத்திலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பியவர்கள் என்றால் குடும்ப அட்டை, மாஞ்சோலை எஸ்டேட் என்றால் சம்பளச் சீட்டு. பாளையங்கோட்டை வட்டாரத்தில் மிஷன் பதிவேடுகள் 1800களின் முற்பகுதிவரை போகும் சபைகள் உண்டு. அந்த விஷயத்தில் நிலக்காரர்களைவிட அவர்களுக்குத்தான் யோகம்.

எந்த மாவட்டத்துக் காகிதம் எங்கே என்பதையும் கவனியுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கம் 1910 வரை திருநெல்வேலி. தூத்துக்குடி பிரிந்தது 1986, தென்காசி 2019. செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூர், அப்புறம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே சம்பந்தி வீடு இருந்தால் பழைய ஆவணத்துக்குத் திருவனந்தபுரம் பக்கம் பார்க்க வேண்டிவரும்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போய்ப் பழைய பத்திரம் இருக்கா என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். பங்கு கேட்க வந்திருக்கிறாள் என்று காப்பி ஆறுவதற்குள் ஊர் பேசும். முதலில் உங்கள் பத்திரத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். அவர்களுடையதை அங்கேயே வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வாங்கிப்போக வேண்டாம்.

உங்கள் பத்திரத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த கட்டுகளை வெயிலில் காயப்போட்டு மொரமொரவென்று ஆக்கியவர்களை நிறையப் பார்த்தேன். நிழலில், தாளுக்கு இடையே எழுதாத வெள்ளைத்தாள் வைத்து, மெதுவாக ஓடும் விசிறிக் காற்றில் காய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். மொய் நோட்டு இருந்தால் அதையும். வடக்கு மாலில் 'பாகம்' என்று வரும் அந்தப் பெயரின் அடியில் ஒரு கோடு போட்டு, இவர் வீட்டு ஆட்கள் யாராவது வந்திருக்கிறீர்களா என்று கேளுங்கள்.