21 நாள், ஒற்றை ஆள், நமீபியாவின் சரளைச் சாலை

கேள்வி: ஜோகன்னஸ்பர்கில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்தமாக ஹிமாலயன் 411 பைக் இருக்கிறது. டிசம்பரில் 21 நாள் விடுமுறை. தனியாக நமீபியா, போட்ஸ்வானா, விக்டோரியா அருவி பார்த்துவிட்டு, மலாவி ஏரி, மொசாம்பிக் கடற்கரை வழியாகத் திரும்ப ஆசை. தார்ச்சாலையில் நன்றாக ஓட்டுவேன், மண் சாலைப் பழக்கம் குறைவு. சிங்கம், கொள்ளை என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். தனியாகப் போகலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் டிசம்பரில் வேண்டாம். மலாவியையும் மொசாம்பிக்கையும் இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் பைக்கில் போய் அடிபட்டு வந்தவர்களிடம் பேசினால் அவர்கள் கதையில் சிங்கமும் வராது, திருடனும் வரமாட்டான். பெரும்பாலும் ஒரே கதைதான்: அன்றைக்குப் போக வேண்டிய தூரம் அதிகம், அதனால் சரளையில் வேகம் கூடியது, அப்படியும் வழியில் இருட்டிவிட்டது. இரண்டு பேராகப் போனால் விழுந்தவரைத் தூக்க ஒருவர் இருப்பார். தனியாகப் போகிறவருக்கு அது இல்லை. அதைத் தைரியத்தாலோ விலை உயர்ந்த சாமான்களாலோ ஈடுகட்ட முடியாது. தினசரித் தூரத்தைக் குறைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். தார்ச்சாலையில் ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர், சரளையில் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாளைக்கு ஒரு நாள் வண்டியைத் தொடவே கூடாது.

இந்தக் கணக்கில் 21 நாளுக்குள் நிம்மதியாக அடங்குவது சுமார் 5,000 கிலோமீட்டர். அதற்கு ஒரு நல்ல சுற்று இருக்கிறது. ஜோகன்னஸ்பர்கிலிருந்து என்14 நெடுஞ்சாலையைப் பிடித்து ஃப்ரைபர்கில் ஓர் இரவு, அபிங்டனில் ஓர் இரவு. நாக்கோப் எல்லையைத் தாண்டி நமீபியா. ஃபிஷ் ரிவர் கேன்யன், அவுஸ், செஸ்ரியம், சாலிட்டேர், கடற்கரையில் ஸ்வாகோப்முண்ட். அங்கிருந்து கிழக்கே திரும்பி ஒச்சிவரோங்கோ, ருண்டு, கட்டிமா முலிலோ. பிறகு போட்ஸ்வானாவின் கசானே, நாட்டா, ஃபிரான்சிஸ்டவுன் வழியாக வீடு. இதே சுற்றை எதிர்ப்பக்கமாகவும் போகலாம். நான் மேற்கை முதலில் வைக்கச் சொல்வேன். சரளை முழுக்க அந்தப் பக்கம்தான். உடம்பும் டயரும் புதிதாக இருக்கும்போதே அதை முடித்துவிடலாம். ஒரே தொந்தரவு, முதல் இரண்டு நாளும் மேற்கு நோக்கிப் போவதால் பிற்பகல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். விடிந்ததும் கிளம்பி இரண்டு மணிக்குள் அறைக்குப் போய்விடுங்கள்.

ஏன் டிசம்பர் வேண்டாம்? அப்போது நமீப் பாலைவனத்தில் வெயில் 40 டிகிரி வரை போகும். ஹெல்மெட்டும் பாதுகாப்பு ஜாக்கெட்டுமாக அதில் ஓட்டினால் மதியத்துக்குள் தலை கிறுகிறுக்கும், அந்த நிலையில் சரளையில் எடுக்கும் முடிவு எதுவும் நல்ல முடிவாக இருக்காது. வடக்கே மழைக்காலம், கொசுவும் மலேரியாவும் கூடும் நேரம். தென்னாப்பிரிக்காவே விடுமுறையில் கிளம்புவதால் எல்லைகளில் கூட்டம் வேறு. ஜூன், ஜூலை வறண்ட மாதங்கள்தான், ஆனால் அபிங்டன், கலஹாரி பக்கம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், பகலும் குட்டை. ஆகஸ்ட் கடைசியில் கிளம்பி செப்டம்பரில் திரும்புவதுபோல் விடுமுறையை மாற்ற முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இனி சரளை. நமீபியாவில் பி எழுத்தில் தொடங்கும் சாலைகள் தார். சி பெரும்பாலும் சரளை, சில மட்டும் தார். டி என்றால் சரளையோ மணலோ, போய்ப் பார்த்தால்தான் தெரியும். வறண்ட சரளையில் வண்டிகள் ஓட ஓட, சக்கரங்களே துள்ளித் துள்ளி மேற்பரப்பைத் தகரக் கூரை மாதிரி வரி வரியாக ஆக்கிவிடும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு வரியிலும் வண்டி உதறும். வேகம் கூடக் கூட, எழுபது எண்பதில் சக்கரம் மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், திடீரென்று எல்லாம் வழுவழுப்பாகிவிட்ட மாதிரி இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உதறல் குறைகிறது என்றால் டயர் தரையில் இருக்கும் நேரமும் குறைகிறது என்று பொருள். பிரேக் பிடித்தால் நிற்காது, திருப்பினால் திரும்பாது. கார்க்காரர்கள் 100-ல் போவார்கள், போகட்டும். நீங்கள் 60-ஐ ஒட்டிப் போங்கள், உதறலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் சக்கரங்கள் போன தடத்தில் கல் ஒதுங்கித் தரை இறுகியிருக்கும். அந்தத் தடத்திலேயே இருங்கள். இரண்டு தடத்துக்கும் நடுவில் உதிரிக் கல் வரப்பு மாதிரி குவிந்திருக்கும். தடம் மாற வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துவிட்டு, வரப்பை உரசாமல் சற்று நேராகக் கடக்க வேண்டும். ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கை அணைத்து, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடியுங்கள். முன்சக்கரம் கொஞ்சம் அலையத்தான் செய்யும், அதை அடக்கப் போராடாதீர்கள். பார்வை பத்தடியில் இல்லாமல் தொலைவில் இருக்கட்டும். மணல் வந்தால் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடக் கூடாது. விட்டால் பாரம் முன்னால் சாய்ந்து முன்சக்கரம் புதைந்துகொள்ளும். சாலை திடீரென இறங்கும் இடங்கள் பெரும்பாலும் காய்ந்த ஆற்றுப் படுகைகள், அடியில் மணல் இருக்கும். அதனால் இறங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். எதிரே வண்டி வந்தால் ஓரம் ஒதுங்கி மெதுவாகப் போங்கள். கல் தெறிக்கும், அப்புறம் புழுதியில் சில நொடி ஒன்றுமே தெரியாது.

டயர் காற்றை வழக்கமான அளவிலிருந்து நாலைந்து பிஎஸ்ஐ குறைத்தால் பிடிப்பு கூடும். அதற்கு மேல் குறைத்தால் உங்கள் ட்யூப் டயருக்கு ஆபத்து, கூர்க்கல்லில் ட்யூப் ரிம்மோடு நசுங்கிக் கிழியும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு ட்யூப், லீவர், சின்ன ஏர் பம்ப் மூன்றும் கட்டாயம். ஹிமாலயனில் சென்டர் ஸ்டாண்ட் இருப்பதால் தனி ஆளாகவே சக்கரத்தைக் கழற்றலாம். கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் இரண்டு சக்கரத்தையும் ஒருமுறை யாருடைய உதவியும் இல்லாமல் கழற்றி, ட்யூப் மாற்றி, மாட்டிப் பாருங்கள். யூட்யூபில் பார்த்தது கணக்கில் வராது.

அதேபோல வண்டியைப் படுக்க வைத்துத் தூக்கிப் பழகுங்கள். கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி. சாமானோடு சேர்த்துத் தூக்க முயன்றால் முதுகு போய்விடும். முதலில் பைகளை அவிழ்த்து எடுத்துவிட வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இழுத்துவிட்டு, கியரில் போட்டு, சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் காலால் உந்தித் தூக்க வேண்டும். இரும்புப் பெட்டி மாட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சரளையில் விழும்போது கால் பெட்டிக்கு அடியில் மாட்டினால் எலும்பு முறியும். துணிப் பை போதும்.

பெட்ரோலுக்கு வருவோம். உங்கள் 15 லிட்டர் டேங்க் தார்ச்சாலையில் 400 கிலோமீட்டருக்கு மேல் தரும். சரளை, எதிர்க்காற்று எல்லாம் சேர்த்து 350 என்று வைத்துக்கொண்டு, கூடவே 5 லிட்டர் கேன். அவுஸிலிருந்து செஸ்ரியம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நடுவே ஹெல்மரிங்ஹாவுசன், பெட்டா போன்ற இடங்களில் பங்க் உண்டு, ஸ்டாக் தீர்ந்துபோகும் நாளும் உண்டு. சாலிட்டேரிலிருந்து வால்விஸ் பே வரை சுமார் 230 கிலோமீட்டருக்கு எதுவுமே கிடையாது. கவுப், குய்செப் என இரண்டு கணவாய், நடுவில் மகர ரேகைப் பலகை, அப்புறம் வெறும் பாலைவனம். சாலிட்டேரில் டேங்கை நிரப்பிவிட்டு, பேர்பெற்ற ஆப்பிள் பை என்ற பலகாரத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் எப்போதும் 5 லிட்டர் இருக்க வேண்டும், அதைக் குறைக்காதீர்கள். சின்ன ஊர் பங்க்கில் கார்டு மெஷின் வேலை செய்யாமல் போகலாம், ரொக்கம் வைத்திருங்கள். தென்னாப்பிரிக்க ராண்ட் நமீபியாவில் சம மதிப்பில் செல்லும். மிச்சமாகும் நமீபிய டாலரை அங்கேயே செலவழித்துவிடுங்கள், ஜோகன்னஸ்பர்கில் கடைக்காரர் வாங்கமாட்டார்.

பலருக்கு அங்கே போன பிறகுதான் ஒரு விஷயம் தெரியவரும்: வனவிலங்குப் பூங்காக்கள் பலவற்றில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. எட்டோஷா கிடையாது, க்ரூகர் கிடையாது, செஸ்ரியம் வாசலைத் தாண்டி சோசஸ்ஃப்ளை மணல் மேடுகளுக்குப் போகும் சாலையும் கிடையாது. செஸ்ரியத்தில் வண்டியை விட்டுவிட்டு ஏதாவது சுற்றுலா ஜீப்பில் போய் வரலாம். சிங்கம் வாழும் இடங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பூங்காக்கள் என்பதால், உங்கள் நண்பர்களுக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது.

யானை வேறு விஷயம். கட்டிமாவுக்குப் போகும் பி8 சாலை, டிவுண்டுவிலிருந்து கொங்கோலா வரை சுமார் 200 கிலோமீட்டர் ப்வாப்வட்டா தேசியப் பூங்காவுக்குள்தான் ஓடுகிறது. நல்ல தார், நேர் கோடு, வேகமாகப் போகத் தோன்றும். இரண்டு பக்கமும் புதர். யானை அதிலிருந்து சத்தமில்லாமல் வெளியே வரும். கசானேயிலிருந்து நாட்டா வரை 300 கிலோமீட்டரும் இதே கதைதான். யானையைக் கண்டால் நூறு மீட்டருக்கு முன்பே நிறுத்துங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள், ரேஸ் கொடுக்காதீர்கள், திரும்பிப் போக இடம் விட்டு நில்லுங்கள். ஒரு யானை கடந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பின்னால் குட்டியோடு இன்னும் வரலாம். கூடாரத்துக்குள் ஆரஞ்சுப் பழம் வைக்காதீர்கள், அந்த வாசனைக்கு யானை தேடி வரும். ஒதுக்குப்புறத்தில் தனியாகக் கூடாரம் போடுவதும் வேண்டாம், முறையான கேம்ப்சைட் போதுமான அளவு இருக்கிறது.

நமீபியாவில் மாலையானதும் சாலைக்கு வருவது குடூ மான், காட்டுப் பன்றி, கழுதை, மாடு. குடூ ஹெட்லைட்டைப் பார்த்துத் துள்ளினால் நேராக உங்கள் நெஞ்சளவுக்கு வரும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே தங்குமிடத்தில் இருக்க வேண்டும். கடிகாரத்தை நம்பி ஏமாறாதீர்கள். ஸ்வாகோப்முண்டிலும் கட்டிமாவிலும் ஒரே நேரம்தான், ஆனால் கட்டிமாவில் பொழுது சுமார் 40 நிமிடம் முன்னதாகவே சாய்ந்துவிடும்.

விக்டோரியா அருவிக்குப் பைக்கில் போகலாம், ஆனால் ஜிம்பாப்வே எல்லையில் வண்டிக்குத் தற்காலிக இறக்குமதிச் சீட்டு, இன்சூரன்ஸ், சாலைக் கட்டணம், கார்பன் வரி என்று அரை நாள் போகும். வண்டியைக் கசானேயில் பூட்டி வைத்துவிட்டு, 80 கிலோமீட்டர் தூரத்தை டூர் வேனில் போய்ப் பார்த்து வருவதே புத்திசாலித்தனம். கசானே பக்கத்தில் 2021 மே மாதம் திறந்த கசுங்குலா பாலத்தையும் பாருங்கள். ஜிம்பாப்வே எல்லைக்குள் கால் படாமல் ஜாம்பியாவுக்குப் போக, ஜாம்பேசி ஆற்றின் மேல் 923 மீட்டர் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

காகிதங்கள்: தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா மூன்றும் ஒரே சுங்க ஒன்றியத்தில் இருப்பதால் தென்னாப்பிரிக்கப் பதிவு எண் உள்ள உங்கள் வண்டிக்குப் பெரிய சிக்கல் இல்லை. பதிவுச் சான்று, பின்னால் தென்னாப்பிரிக்க வண்டி என்று காட்டும் ஜெட்.ஏ. (ZA) ஸ்டிக்கர் இருக்கட்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால், நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வங்கியின் அனுமதிக் கடிதம் கண்டிப்பாக வேண்டும். எல்லையில் சாலைக் கட்டணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வெளியேறும்போது கேட்பார்கள். நீங்கள் வைத்திருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் நமீபியா, போட்ஸ்வானா இரண்டுக்கும் விசா தேவை. நீங்கள் நுழையப்போகும் அதே எல்லைச் சாவடியில் அந்த விசா செல்லுமா என்று தூதரகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பயண இன்சூரன்சில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: 411 சிசி வண்டி ஓட்டுவதற்குப் பொருந்துமா, விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா. பல பாலிசிகள் குறிப்பிட்ட சிசிக்கு மேல் கைவிரித்துவிடும்.

மலேரியா வடக்கு நமீபியாவிலும் வடக்கு போட்ஸ்வானாவிலும் இருக்கிறது, தெற்கு நமீபியாவில் இல்லை. டாக்டரிடம் மாத்திரை கேட்கும்போது பைக்கில் போவதைச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் வெயிலில் தோலைப் புண்ணாக்கலாம், மெஃப்ளோகுயின் சிலருக்குத் தலைசுற்றல் தரும்.

திருட்டு பயம் நகரங்களில்தான். விண்ட்ஹுக், ஸ்வாகோப்முண்ட் போன்ற ஊர்களில் சாமானோடு வண்டியைத் தெருவில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள், அவ்வளவுதான். வெளியே பாலைவனத்தில் வண்டியை ஓரம் கட்டினாலே வருகிறவர் நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்பார்.

ஆனால் வருகிறவர் வர ஒரு மணி நேரமும் ஆகலாம், போனுக்கும் சிக்னல் இருக்காது. அதனால் சாட்டிலைட் மெசஞ்சர் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். அதை வண்டியில் மாட்டாமல் உடம்பில் மாட்டுங்கள். நீங்கள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் கிடந்தால் வண்டியில் இருக்கும் கருவியால் பயனில்லை. ஊரில் நம்பகமான ஒருவரிடம் தினமும் காலையில் எங்கிருந்து எங்கே, எந்தச் சாலை என்று அனுப்புங்கள். மாலை ஏழு மணி வரை சேர்ந்துவிட்டேன் என்று தகவல் வராவிட்டால் முதலில் தங்குமிடத்துக்குப் போன் செய்ய வேண்டும், எட்டு மணிக்கு மேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அவரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள். அம்மாவை அந்த ஆளாகப் போடாதீர்கள், பாவம்.

சைவம் பெரிய கஷ்டமில்லை, ருசிதான் கொஞ்சம் கஷ்டம். சோள மாவுக் களியான பாப், காரமான காய்கறித் தொக்கு சகலகா இரண்டும் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும். ஓரளவு பெரிய ஊர்களில் ஷாப்ரைட், ஸ்பார் கடைகள் உண்டு. டின் பீன்ஸ், ரொட்டி, பழம் கிடைக்கும். ஒரு சின்ன அடுப்பும் வீட்டில் அரைத்த பொடி இரண்டும் இருந்தால் சமாளித்துவிடலாம். கோமாரி நோய்த் தடுப்பு வேலிகளில் பச்சை இறைச்சியைப் பிடுங்கிக்கொள்வார்கள், செருப்பு ஷூவையெல்லாம் மருந்துத் தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். உங்கள் பையில் பருப்புப் பொடிதான் இருக்கும் என்பதால் சோதனை சீக்கிரம் முடிந்துவிடும்.