‘ஹஷ்’ படத்தில் கொலைகாரன் தொடக்கத்திலேயே முகமூடியைக் கழற்றிய பிறகும் அச்சம் ஏன் குறைவதில்லை?

மைக் ஃபிளனகன் இயக்கி 2016-இல் வெளிவந்த இப்படம், ‘அவன் யார்’ என்ற புதிரை நம்பியே இருக்கவில்லை என்பதுதான் முதன்மையான காரணம்.

காட்டுக்குள் தனியே வாழும் எழுத்தாளர் மேடி, சிறுவயதில் மூளைக்காய்ச்சலால் செவித்திறனையும் பேச்சையும் இழந்தவர். உன் முகத்தைப் பார்க்கவில்லை, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உதட்டுச்சாயத்தால் கண்ணாடிக் கதவில் அவர் எழுத, வெளியே நிற்பவன் நிதானமாக முகமூடியைக் கழற்றுகிறான். முகத்தைக் கண்ட சாட்சியை அவன் உயிரோடு விடப்போவதில்லை என்பது அவருக்கும் நமக்கும் அந்த நொடியிலேயே உறைத்துவிடுகிறது. அதோடு, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்த மேடிக்கு அவனுடைய மிரட்டல் முழுதாகப் புரிவதும் முகம் திறந்திருப்பதால்தான்.

உண்மையான அச்சம் ஒலியில் இருக்கிறது. அண்டை வீட்டு சாரா இரத்தம் வழியக் கண்ணாடிக் கதவைத் தட்டிக் கதறும்போது, சில அடி தொலைவில் முதுகைக் காட்டியபடி மேடி சமையலறையில் வேலையாக இருக்கிறார்; நமக்குக் கேட்பது அவருக்குக் கேட்கவில்லை. படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே என்பேன். வேறு இடங்களில் ஒலியை அடியோடு நிறுத்தி, நம்மையும் அவரது நிலைக்குள் தள்ளுகிறார் இயக்குநர். அப்போது, அவன் முகம் தெரிந்திருந்தும், அவன் வீட்டின் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பது நமக்கும் தெரியாது.