கமிஷன் பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: வெளிநாட்டு அரசு டெண்டர்களை எங்கள் நிறுவனம் ஏஜென்ட் மூலம்தான் பிடிக்கிறது. தன் கமிஷனிலிருந்து அவர் யாருக்கு என்ன கொடுக்கிறார் என்பது அவர் பாடு, நாங்கள் கேட்பதில்லை. வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டத்தை அமெரிக்காவே 2025-இல் கிடப்பில் போட்டுவிட்டது. பிறகும் சட்ட விதிகளை நிறுவனம் கடைப்பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ்காரர்கள் எங்களைப் படுத்துவது ஏன்?
- ஏற்றுமதிப் பிரிவு மேலாளர் ஒருவர்

பதில்: "நாங்கள் கேட்பதில்லை" என்கிறீர்களே, வழக்கே அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. பணம் அதிகாரியிடம் போக வாய்ப்பு மிக அதிகம் என்று உணர்ந்தும் கண்ணை மூடிக்கொண்டால், 1977-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தில் அது தெரிந்தே செய்ததாகத்தான் கணக்கு. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் இன்னும் கறார். உங்கள் தொழிலில் ஒரு பகுதி பிரிட்டனில் நடந்தால் போதும். உங்களுக்காக வேலை பார்ப்பவர் உலகில் எங்கே லஞ்சம் கொடுத்து உங்களுக்கு ஆர்டர் பிடித்தாலும், தடுக்கத் தவறிய குற்றம் 7-வது பிரிவின்படி நிறுவனத்தின் தலையில். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்ற பேச்சே எழாது. அபராதத்துக்கு உச்சவரம்பும் இல்லை. தடுப்பு ஏற்பாடுகள் போதுமானவையாக இருந்தன என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

கிடப்பில் போட்ட கதைக்கு வருவோம். அமெரிக்க அதிபரின் 2025 பிப்ரவரி உத்தரவு 180 நாள் மறுஆய்வுக்கானது. ஜூனிலேயே வழக்குத் தொடுப்பதற்கான புதிய வழிகாட்டுதல் வந்துவிட்டது. லஞ்சக் குற்றத்துக்கு வழக்குத் தொடுக்கக் காலக்கெடு 5 ஆண்டு; அதிபரின் பதவிக்காலமோ 4 ஆண்டு! வெளிநாட்டிடம் ஆதாரம் கேட்டிருந்தால் அந்தக் கெடு மேலும் 3 ஆண்டு வரை நீளவும் கூடும். இதற்கிடையில் பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மூன்றும் 2025 மார்ச்சில் லஞ்ச வழக்குகளுக்காகக் கூட்டுப் பணிக்குழு அமைத்துவிட்டன.

ஜெர்மனியின் பெரிய பொறியியல் நிறுவனமான சீமென்ஸில் லஞ்சப் பணத்துக்கான ஒப்புதலை ஒட்டுத் துண்டுச் சீட்டில் கையெழுத்திட்டு வாங்கினார்கள். பிறகு சீட்டைக் கிழித்துவிட்டால் கையெழுத்தே இருக்காது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பணம் ஏதோ ஒரு பெயரில் கணக்கில் ஏறியாக வேண்டுமே! 'ஆலோசனைக் கட்டணம்' என்று ஏறியது. பொய்க் கணக்கே தனிக் குற்றம்; 2008-இல் சீமென்ஸ் அதை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சேர்த்துச் சுமார் 160 கோடி டாலர் கட்டியது. 2020-இல் விமான நிறுவனமான ஏர்பஸ் கட்டியது, இடைத்தரகர்கள் விவகாரத்தில் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்குமாக 360 கோடி யூரோ.

ஆகவே ஏஜென்டின் கடைசி பில்லை எடுத்துப் பாருங்கள். 'சந்தை ஆலோசனை' என்ற ஒரே வரியும் ஒரு முழுத் தொகையும்தான் இருக்கிறதா? யாரை எந்தத் தேதியில் சந்தித்தார், என்ன அறிக்கை கொடுத்தார் என்று கேட்டு வாங்காமல் பணம் விடாதீர்கள். அவர் ஒரு நாட்டில் வேலை செய்ய, வங்கிக் கணக்கு வேறொரு நாட்டில் இருந்தால் நிறுத்துங்கள். நடுவில் கணக்கு எண் மாறினாலும் அப்படியே. டெண்டர் திறக்கச் சில நாள் முன்பு போட்ட ஒப்பந்தம், வேலைக்குப் பொருந்தாத சதவீதம், ஜெயித்தால் மட்டும் கமிஷன் என்ற ஏற்பாடு மூன்றையும் விசாரணையாளர்கள் முதலில் தேடுவார்கள். அவருடைய கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார், அதிகாரியின் மைத்துனரா என்பதைப் பதிவு ஆவணத்தில் பாருங்கள். அவருடைய கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது எங்கே தெரியுமா? ஏஜென்ட் பற்றிய விசாரணைப் படிவத்தை, ஆர்டருக்குப் போனஸ் வாங்கும் விற்பனையாளரே நிரப்புவார். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'. அந்தக் காகிதம் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

சந்தேகம் தட்டினால் பணத்தை நிறுத்துங்கள், வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள், போன்களில் செய்தி தானாக அழியும் வசதியை உடனே அணையுங்கள். விசாரணையை மட்டும் உங்கள் பிரிவு கையில் எடுக்க வேண்டாம். அந்தக் கமிஷனுக்குக் கையெழுத்துப் போட்டதே நீங்கள்தானே.