பிளஸ் டூவுக்குப் பிறகு கல்லூரி, விடுதி, தனி வாழ்க்கை: மாற்றுத்திறனாளி பிள்ளைகளுக்கான கேள்வி பதில்

விழுப்புரத்திலிருந்து ஒரு தந்தை: மகளுக்குப் பெருமூளை வாதம், 60 சதவீதப் பாதிப்பு. பிளஸ் டூ படிக்கிறாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை), ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் ஐயா. நம் ஊரில் சிக்கல் இனிஷியலில்தான் வரும். ஒன்றில் 'க. மலர்', இன்னொன்றில் 'மலர் கந்தசாமி' என்றிருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் இழுபறியாகும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே திருத்திவிடுங்கள். அட்டைக்குக் காலாவதித் தேதி உண்டா என்றும் பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடமும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் தருகிறது. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது இருக்கிறது.

கோவையில் சேரவிருக்கும் மாணவர்: தண்டுவடக் காயம், சக்கர நாற்காலி. விடுதியில் தரைத்தளத்தில் அறை தருவதாகச் சொல்கிறார்கள். அது போதுமா?

போதாது தம்பி. சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய் அளந்து பாருங்கள். முதலில் உங்கள் நாற்காலியின் அகலம்: இரு பக்கமும் கையால் தள்ளும் வளையத்தின் வெளி ஓரம்வரை அளக்க வேண்டும். பெரும்பாலும் 60 முதல் 65 செ.மீ. வரும். கதவைத் திறந்த பிறகு மிஞ்சும் இடைவெளி 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 90 இருந்தால் நல்லது. பழைய விடுதிகளில் அறைக் கதவு சரியாக இருக்கும், குளியலறைக் கதவுதான் காலை வாரும். அது உள்பக்கம் திறந்தால் நாற்காலி திரும்ப இடமிருக்காது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலைதான்.

சாய்தளம் 1:12 என்ற அளவில் வேண்டும். 15 செ.மீ. படி ஒன்றுக்கே 1.8 மீட்டர் நீளம் தேவை. படிமேல் பலகையைச் சாய்த்துவிட்டு 'ராம்ப் இருக்கிறது' என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்பக்கமாகக் குடைசாய்வது அதில்தான். கைப்பிடிக் கம்பியைச் சுவருக்குள் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் வகை ஈர டைல்ஸில் கழன்றுவிடும். தேவைகளை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியம் படுக்கைப் புண். ஒரே நிலையில் நெடுநேரம் உட்கார்ந்தாலும் அது வரும், அவ்வப்போது எடையை மாற்ற வேண்டும். வீட்டில் அம்மா நினைவூட்டுவார், வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். போனில் 30 நிமிடத்துக்கு ஒரு அதிர்வு அலாரம் வையுங்கள். ஒவ்வொரு முறையும் முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ 2 நிமிடம் எடையை மாற்றுங்கள். இரவில் கைக்கண்ணாடி வைத்துப் பிட்டத்தையும் வால் எலும்பையும் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தின் மேல் உட்காராதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வாரம் வகுப்பு போனாலும் போகட்டும். புண் ஆழமாகிவிட்டால் பருவமே போய்விடும்.

மதுரையிலிருந்து ஒரு தாய்: மகளுக்குக் கையில் பலம் குறைவு, சான்றிதழில் 35 சதவீதம்தான். செமஸ்டர் தேர்வுக்கு ஸ்கிரைப் (சொல்வதைக் கேட்டு எழுதித் தருபவர்) கேட்க முடியுமா?

கேட்கலாம் அம்மா. 40 சதவீதம் இல்லை என்ற காரணத்துக்காக ஸ்கிரைபை மறுக்கக் கூடாது என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2022-இல் மத்திய அரசும் வழிகாட்டுதல் வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் உண்டு என்று அரசு மருத்துவமனைச் சான்று வாங்குங்கள். கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு முழுதாக ஒரு மணி நேரம் சேரும். விண்ணப்பத்தைத் தேர்வு அட்டவணை வரும்வரை தள்ளிப்போடாமல் பருவத் தொடக்கத்திலேயே கொடுங்கள்.

அனுமதி கிடைத்தால் மட்டும் மதிப்பெண் வராது. வாய்விட்டுச் சொல்லி எழுதவைப்பது தனிப் பயிற்சி. முழு வினாத்தாளை வைத்து அதே ஸ்கிரைபோடு மூன்று முறையாவது உட்காரட்டும். முதலில் வினா எண், பிறகு 'புதிய பத்தி', 'அடிக்கோடு' என்று சொல்லிப் பழக வேண்டும். துறைச் சொற்களை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கடைசி வரியைத் திருப்பிப் படிக்கச் சொல்லட்டும். ஸ்கிரைப் தனக்குப் புரிந்தபடி வாக்கியத்தை மாற்றி எழுதியிருந்தால் அங்கேயே பிடிபடும்.

காது கேளாத மாணவி, சேலம்: வகுப்பில் போன் செயலி பேச்சை எழுத்தாக்கித் தருமா?

தரும், தமிழிலும் தரும். ஆனால் மைக் உங்கள் மேசையில் இருந்தால் பயனில்லை, ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் வகுப்பில் பிழை மலியும். அதனால் குறிப்பு தர இரண்டு தோழிகளைப் பேசி வையுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் விடுப்பு எடுக்கும் நாளில் உங்களுக்கும் பாடம் போய்விடும்.

சென்னையிலிருந்து ஒரு தாய்: ஆட்டிசம் உள்ள மகனுக்கு 18 ஆகப்போகிறது. இனியும் நானே கையெழுத்துப் போடலாமா?

18 ஆனதும் அந்த உரிமை தானாகத் தொடராது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் ஆகலாம். ஆனால் பட்டப்படிப்பில் சேருமளவு வளர்ந்த பிள்ளைக்கு இது வேண்டுமா என்று அவனையும் உட்காரவைத்துப் பேசுங்கள். கையெழுத்தை எடுத்துக்கொள்வதைவிடப் போடக் கற்றுக்கொடுப்பதே நல்லது. தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, அதில் ஒரு வாரச் செலவுப் பணம் மட்டும் போடுங்கள். யுபிஐ-யை அந்தக் கணக்கோடு மட்டும் இணையுங்கள். ஏமாந்தாலும் நஷ்டம் ஒரு வாரத்தோடு நிற்கும்.

பார்வையற்ற இளைஞர், திருச்சி: நண்பருடன் அறை எடுக்கிறேன். எந்த அடுப்பு நல்லது?

தொடுதிரை இண்டக்ஷன் வாங்காதீர்கள். பட்டன் எங்கே என்று விரலுக்குத் தெரியாது. திருகு குமிழ் உள்ளதாகப் பாருங்கள். குமிழிலும், 'குறைவு', 'நடு', 'அதிகம்' என்ற இடங்களிலும் எம்-சீல் பசையில் கடுகளவு புள்ளி வைத்துக் காயவிடுங்கள். கேஸ் அடுப்பு என்றால் பாத்திரத்தைப் பர்னர் நடுவில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். எரியும் அடுப்பில் இடம் தேடினால் கை சுடும். எண்ணெயைப் புட்டியிலிருந்து நேரே ஊற்றாதீர்கள். அகல வாய்க் கிண்ணத்தில் வைத்து, காம்பை மேல்நோக்கி வளைத்த கரண்டியால் மொண்டால் அளவு தப்பாது. சோற்றுக்கு விசிலை எண்ணினால் போதும், தாளிப்புக்குக் கடுகு வெடிக்கும் சத்தம் காட்டிக்கொடுக்கும். நண்பரிடம் ஒரே நிபந்தனை போடுங்கள்: எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும், கத்தியை ஒருபோதும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போடக் கூடாது.