வாசகர் கேள்வி – பதில்: இரைச்சல் இல்லாத ஒரு மணி நேரம்

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் திங்கள் முதல் வெள்ளி வரை இரவில் ஒளிபரப்பாகும் ‘நியூஸ்ஹவர்’ செய்தி நிகழ்ச்சியைச் சென்ற இதழில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இவ்வாரம் விடை தருகிறோம்.

மாலையானால் நம் சேனல்களில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒன்றும் காதில் விழுவதில்லை. நீங்கள் குறிப்பிட்ட நிகழ்ச்சி எப்படித் தோன்றியது? அதில் அப்படி என்ன வேறுபாடு? (வாசகர், தஞ்சாவூர்)

அதன் வேர் வாட்டர்கேட் விசாரணையில், அதாவது எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த ஊடுருவலையும் அதை மூடிமறைத்ததையும் பற்றி அதிபர் நிக்சன் தரப்பு மீது நடந்த விசாரணையில், இருக்கிறது. 1973 மே மாதம் அமெரிக்க செனட் குழு அந்த விசாரணையைத் தொடங்கியபோது, பொதுத் தொலைக்காட்சி அன்றன்றைய சாட்சியத்தைப் பகலில் நேரலையாகக் காட்டியதோடு நில்லாமல், இரவில் முதலிலிருந்து கடைசி வரை வெட்டாமல் மறுபடியும் ஒளிபரப்பியது. வேலை முடித்து வீடு திரும்பியவர்கள் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்து பார்த்தார்கள். உள்ளூர் நிலையங்களுக்குக் கடிதங்களும் நன்கொடைகளும் வந்து குவிந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதிபர் நிக்சன் பொது ஒளிபரப்புக்கான நிதி மசோதாவைத் தம் ரத்து அதிகாரத்தால் தடுத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இரவுகளின் கனம் விளங்கும்.

அந்த ஒளிபரப்பை நடத்திய இருவர் ராபர்ட் மெக்நீலும் ஜிம் லெஹ்ரரும். மெக்நீல் மான்ட்ரியலில் பிறந்த கனடாக்காரர். ராய்ட்டர்ஸ், என்பிசி, பிபிசி ஆகியவற்றில் பணியாற்றியவர். லெஹ்ரர் டல்லஸ் நகரப் பத்திரிகைகளில் நிருபராக இருந்து தொலைக்காட்சிக்கு வந்தவர். 1975 அக்டோபர் 20 அன்று நியூயார்க்கின் டபிள்யூநெட் நிலையத்தில் மெக்நீலின் பெயரில் அரை மணி நேர நிகழ்ச்சி தொடங்கியது. லெஹ்ரர் வாஷிங்டனிலிருந்து பங்கேற்றார். மறு ஆண்டே இருவர் பெயரும் தலைப்பில் ஏறின. வணிகத் தொலைக்காட்சிகள் விளம்பரம் போக எஞ்சிய இருபத்து சொச்சம் நிமிடங்களில் உலகம் முழுவதையும் அடக்கிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் ஓர் இரவுக்கு ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அரை மணி நேரமும் அதையே அலசினார்கள். 1983 செப்டம்பரில் நிகழ்ச்சி ஒரு மணி நேரமாக விரிந்தது. அமெரிக்காவில் ஒரு மணி நேரம் ஓடிய முதல் தேசிய இரவுச் செய்தி அதுதான்.

அன்று வகுத்த அமைப்பு பெரிதும் மாறாமல் இன்றும் நீடிக்கிறது. முதலில் அன்றைய செய்திகளின் சுருக்கம் சில நிமிடங்கள். பிறகு நான்கைந்து விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு நிமிடமோ அதற்கு மேலுமோ. நடுவில் விளம்பர இடைவேளை கிடையாது. நெறியாளர் ஒரு வரியில் கேட்பார். விருந்தினர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பார். பதில் நழுவினால் அதே கேள்வி குரல் உயராமல் இன்னொரு முறை வரும். பார்ப்பவர் தம்மளவுக்கு அறிவும் அக்கறையும் உள்ளவர் என்று எண்ணியே செய்தி தர வேண்டும், தாம் கேளிக்கைத் தொழிலில் இல்லை என்பவை லெஹ்ரர் தமக்கு வகுத்துக்கொண்ட நெறிகளில் இரண்டு. நம் விவாத மேடைகளில் பஞ்சமாகிப்போனது திறமையன்று. பார்ப்பவர் மீதான இந்த மரியாதைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பெண்களுக்கு அதில் இடம் உண்டா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

உண்டு. 1961-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் நிறத்தடையை உடைத்து உள்ளே சென்ற இரு கறுப்பின மாணவர்களுள் ஒருவரான சார்லேன் ஹன்டர்-கால்ட், 1978 முதல் இந்நிகழ்ச்சியில் பணியாற்றினார். 2013-இல் க்வென் ஐஃபில், ஜூடி வுட்ரஃப் ஆகிய இருவரும் இணை நெறியாளர்களானார்கள். அமெரிக்கத் தேசிய இரவுச் செய்தியை இரு பெண்கள் சேர்ந்து நடத்தியது அதுவே முதல் முறை. ஐஃபில் 2016 நவம்பரில், அதிபர் தேர்தல் முடிந்த மறு வாரமே, புற்றுநோயால் காலமானார். வுட்ரஃப் 2022 இறுதி வரை தனியாக நடத்தி, பொறுப்பை அம்னா நவாஸிடமும் ஜெஃப் பென்னட்டிடமும் ஒப்படைத்தார். நவாஸ் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள்.

விளம்பரம் இல்லையென்றால் பணம் எங்கிருந்து வருகிறது? அரசுப் பணம் என்றால் நம் தூர்தர்ஷனைப் போலத்தானே? (வாசகர், ஈரோடு)

இரண்டும் ஒன்றல்ல. பிபிஎஸ் ஓர் அரசுத் துறையுமல்ல, ஒரே இடத்திலிருந்து ஆணை பிறக்கும் சேனலுமல்ல. நாடெங்கும் உள்ள, முந்நூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிலையங்களின் கூட்டமைப்பு அது. நியூஸ்ஹவரைத் தயாரிப்பது அவற்றுள் ஒன்றான, வாஷிங்டன் வட்டாரத்து வெட்டா நிலையம். செலவுக்கு அறக்கட்டளைகளும், நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் பெயர் மட்டும் சொல்லப்படும் புரவலர் நிறுவனங்களும், ஆண்டுதோறும் சந்தா போலத் தொகை அனுப்பும் பார்வையாளர்களும் கைகொடுக்கிறார்கள்.

அரசுப் பணமும் இருந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் 1967-இல் கையெழுத்திட்ட சட்டத்தின்படி அமைந்த பொது ஒளிபரப்புக் கழகம், நாடாளுமன்றம் ஒதுக்கும் தொகையைப் பெற்று நிலையங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது. ஆட்சியாளர்கள் கோபத்தில் குழாயை அடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தத் தொகை இரண்டு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு வந்தது. ஆனால் 2025 ஜூலையில், அவ்வாறு முன்கூட்டி ஒதுக்கிய ஏறத்தாழ 110 கோடி டாலரையும் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகஸ்ட் பிறந்ததுமே, தன் பணிகளை முடித்துக்கொள்வதாகக் கழகம் அறிவித்தது. நியூயார்க், பாஸ்டன் போன்ற செல்வ நகரங்களின் நிலையங்கள் நன்கொடையைக் கொண்டு எப்படியோ சமாளிக்கும். வருமானத்தில் பெரும் பங்குக்கு இந்தத் தொகையையே நம்பியிருந்த அலாஸ்காவின் சிற்றூர் நிலையங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே நிலையம் மூடப்பட்டால், இந்த நிகழ்ச்சியோடு புயல், வெள்ள எச்சரிக்கையும் சேர்ந்தே நின்றுபோகும். ஒளிபரப்பின் சார்பு பற்றி எந்தக் கருத்து உள்ளவரும் இந்த இழப்பை எளிதாகக் கடந்து போகக் கூடாது.

இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசவிடுவது மட்டுமே நடுநிலை ஆகுமா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

ஆகாது. இந்நிகழ்ச்சியின் மீது இடதுசாரி விமர்சகர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் குறையும் அதுதான். அமைச்சர்கள், முன்னாள் அதிகாரிகள், செனட்டர்கள், வாஷிங்டன் ஆய்வு மையத்தினர் என்று ஒரே வட்டத்திலிருந்தே விருந்தினர்கள் அழைக்கப்பட்டால், இரு தரப்பும் ஒரே மேசையின் இரு முனைகளாகிவிடுகின்றன. மேசைக்கு வெளியே நிற்பவரின் குரல் வருவதில்லை. இந்தக் குறையில் உண்மை உண்டு. வலதுசாரிகளோ நிகழ்ச்சியே இடப்பக்கம் சாய்ந்தது என்கிறார்கள். வாரம் முழுதும் பார்க்கும் எவருக்கும் அந்தக் குற்றச்சாட்டு மிகையாகவே படும்.

நிகழ்ச்சி தன் சிறப்பில் நின்ற ஒன்றையும் சொல்ல வேண்டும். ஈராக் போரின்போது, கொல்லப்பட்ட அமெரிக்கப் படையினரின் படங்கள் கிடைக்கக் கிடைக்க, நிகழ்ச்சியின் முடிவில் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். முகம், பெயர், வயது, ஊர். இசை இல்லை, வர்ணனை இல்லை. போரை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அந்தப் பத்தொன்பது, இருபது வயது முகங்களை ஒன்றாகப் பார்த்தார்கள். ஈராக்கியரின் சாவு அவ்வாறு காட்டப்படவில்லை என்ற கேள்வி நியாயமானது. ஆயினும், சொந்த நாட்டு உயிர்ச்சேதத்தை எண்ணிக்கையாகக் கடக்கவிடாமல் இரவுதோறும் கண்முன் நிறுத்திய துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இங்கிருந்து பார்க்க வழி உண்டா? (வாசகர், காரைக்குடி)

உண்டு, கட்டணமும் இல்லை. யூடியூபில் பிபிஎஸ் நியூஸ்ஹவர் சேனலில் முழு நிகழ்ச்சியும் தனித்தனிப் பகுதிகளும் கிடைக்கின்றன. அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 6 மணிக்கு நேரலை. நமக்கு அது கோடைக் காலத்தில் அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. விழித்திருக்கத் தேவையில்லை, காலையில் முழுப் பதிவும் அங்கேயே இருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியிலிருந்து தொடங்கலாம். கருத்து மாறுபடும் இருவர் அவ்வார அரசியலைக் கலந்துரையாடும் பகுதி அன்றுதான் வரும்.