வாளியும் கொக்கியும்

கேள்வி: முழங்கையை மடக்கி, 10 கிலோ வாளியை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றால் நான் செய்த வேலை பூஜ்யம் என்கிறது இயற்பியல் புத்தகம். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. ஏட்டுச் சுரைக்காய் என்பது இதுதானா? சுவரில் அடித்த கொக்கி அதே வாளியை வருஷக்கணக்கில் தாங்குகிறதே, என் கைக்கு மட்டும் என்ன கேடு?

பதில்: சுரைக்காய் மேல் பழி போடாதீர்கள். புத்தகம் கணக்குப் போட்டது வாளிக்கு. வாளி ஓர் அங்குலம்கூட மேலே ஏறவில்லை, அதனால் அதற்குப் போய்ச் சேர்ந்த ஆற்றல் பூஜ்யம். நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பது வேறு கணக்கு. கொடுத்த கடன் வசூலாகவில்லை என்பதற்காக, அலைந்த செருப்பு தேயாமல் இருக்குமா?

கொக்கியைச் சாட்சிக்கு இழுத்தது நல்லதாய்ப் போயிற்று. தசை கொக்கி இல்லை என்பதுதான் விஷயமே. மேற்கையின் முன்பக்கத் தசையைப் பிரித்துக்கொண்டே போனால் முதலில் கட்டுகள், கட்டுக்குள் இழைகள். ஓர் இழை என்பது ஒரே ஒரு செல். தடிமன் தலைமுடி அளவைத் தாண்டாது, நீளமோ சென்டிமீட்டர் கணக்கில் ஓடும். ஒற்றைக் கரு போதாமல் ஏராளமான கருக்களை வைத்துக்கொண்டிருக்கும். அந்த இழைக்குள் நுண்ணிழைகள். நுண்ணிழை நெடுக ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல் சார்க்கோமியர் என்ற அறைகள். ஓர் அறையின் நீளம் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர், ஒரு சென்டிமீட்டருக்குள் 4,000-க்குக் குறையாமல் அடங்கும்.

அறைக்குள் மெல்லிய ஆக்டின் புரதக் கம்பிகளும் தடித்த மயோசின் புரதக் கம்பிகளும் ஒன்றுக்குள் ஒன்று பாதி நுழைந்தபடி கிடக்கின்றன. மயோசினிலிருந்து பக்கவாட்டில் சின்னச் சின்னத் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நரம்பு ஆணையிட்டதும் இழைக்குள் கால்சியம் கொட்டுகிறது. அதுவரை மறைந்திருந்த பிடிமானங்கள் ஆக்டினில் திறந்துகொள்கின்றன. தலைகள் அவற்றைப் பற்றி, சில நானோமீட்டர் இழுத்து, விட்டுவிட்டு, அடுத்ததைப் பற்றுகின்றன. கம்பி எதுவும் சுருங்குவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று சறுக்குகிறது, அவ்வளவுதான். இதைச் சொன்ன இரண்டு கட்டுரைகளும் 1954 மே மாதம் 'நேச்சர்' அறிவியல் இதழில் அடுத்தடுத்து வந்தன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும், மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவுக்காரர்கள் இல்லை. அதையும் கேட்டு ஒரு கடிதம் வந்துவிடுமோ என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இனி கவனமாகப் படியுங்கள். இழுப்பதற்குத்தான் சக்தி வேண்டும், விடுவதற்கு எதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் தலை தன் பிடியை விட வேண்டுமானால், செல்லுக்கு எரிபொருளான ஏடிபி மூலக்கூறு புதிதாக ஒன்று வந்து அதில் ஒட்ட வேண்டும். வராவிட்டால் பிடித்தது பிடித்தபடியே நின்றுவிடும். உயிர் போன உடல் சில மணி நேரத்தில் கட்டைபோல் விறைப்பது இதனால்தான். ஏடிபி தீர்ந்துபோகிறது, கொட்டிய கால்சியத்தைத் திரும்ப அள்ளிச் சேமித்துவைக்கும் பம்புகளும் நின்றுவிடுகின்றன, கோடிக்கணக்கான தலைகள் பற்றிய இடத்திலேயே பூட்டிக்கொள்கின்றன. பிறகு புரதங்கள் சிதையத் தொடங்கினால்தான் உடல் தளரும். செலவே இல்லாமல் தாங்குகிற கொக்கியாகத் தசை மாறுவது அப்போது மட்டும்தான். அது வேண்டுமா உங்களுக்கு?

உயிருள்ள தசையின் கதை வேறு. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் சமபலம் என்று வையுங்கள். கயிறு நகராது. ஆனாலும் ஒவ்வொருவரும் பிடி நழுவி, மறுபடி பற்றி, மறுபடி இழுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். நீங்கள் வாளியோடு சிலைபோல் நிற்கும்போது உள்ளே நடப்பது அதுதான். மறுபடி பற்றும் ஒவ்வொரு முறையும் ஓர் ஏடிபி காலி. வெளியே வேலையாக எதுவும் போகாததால் செலவு முழுவதும் சூடாகிறது. உங்கள் வேர்வைக்கு அது ரசீது.

நம்பிக்கை வரவில்லையா? கட்டைவிரல் நுனியால் காதை மெதுவாக அடைத்துக்கொண்டு, அந்தக் கை முஷ்டியை இறுக்குங்கள். தூரத்தில் வண்டி உருள்வதுபோல் மெல்லிய உறுமல் கேட்கும். இறுக்கத்தைத் தளர்த்தினால் அடங்கும். தசை இழைகள் துடிக்கிற சத்தம் அது. வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1810-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கொக்கியில் காதை வைத்தால் எதுவும் கேட்காது.

சரி, நடுக்கம் எதற்கு? தசையின் கையிருப்பில் இருக்கும் ஏடிபி முழு மூச்சான உழைப்புக்கு இரண்டு மூன்று விநாடிதான் வரும். தசையிலேயே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இன்னொரு சேமிப்பு அதைச் சட்டென்று புதுப்பித்து இன்னும் சில விநாடி ஓட்டும். அப்புறம் தசை சேர்த்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்க வேண்டும், ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை நம்ப வேண்டும். அங்கேதான் அசையாமல் பிடிப்பவருக்குச் சிக்கல். விடாமல் இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. நடக்கும்போது தசை சுருங்கிச் சுருங்கித் தளர்வதால் ரத்தம் ஓடும், இங்கே அந்த இடைவெளி கிடையாது. முதலில் வேலைக்கு வந்த இழைகள் தளர, மூளை பெரிய இழைக்கூட்டங்களை எழுப்புகிறது. அவை இழுப்பது முரட்டுத்தனமாக, வெட்டி வெட்டி. நீங்கள் பார்த்த நடுக்கம் அதுதான்.

மறுநாள் வலித்தால் லாக்டிக் அமிலத்தைத் திட்டாதீர்கள். அது ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு அகன்றுவிடும். இதயமும் கல்லீரலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். மறுநாள் வலி, பழக்கமில்லாத வேலையில் இழைகளுக்கு ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது.

கொக்கி மாதிரித் தசை உயிருள்ள பிராணிக்கு அமையவே அமையாதா என்றால், அமைந்திருக்கிறது. சிப்பி இனங்கள் சிலவற்றில் இரண்டு ஓடுகளையும் சேர்த்து மூடிப் பிடிக்கும் தசை, ஒருமுறை இறுகிவிட்டால் மிகக் கொஞ்சச் செலவில் மணிக்கணக்காக அப்படியே பூட்டி நிற்கும். ஆனால் அது ஆமை வேகத் தசை. அதை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை நீங்கள் இன்னும் எழுதி முடித்திருக்க மாட்டீர்கள்.