கோர்ட்டில் கட்டிய அபராதத்தைப் புது வேலையில் சொல்ல வேண்டுமா?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் குடித்துவிட்டு பைக் ஓட்டியதாகப் போலீஸில் மாட்டினேன். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் அபராதம் கட்டினேன், ஜெயிலுக்கெல்லாம் போகவில்லை. இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் ஆஃபர் வந்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் படிவத்தில், ‘எந்த நீதிமன்றத்திலாவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி. ‘அது வெறும் டிராஃபிக் ஃபைன், இல்லை என்று போட்டுவிடு’ என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ‘ஆம்’.

நண்பர்கள் எங்கே குழம்புகிறார்கள் என்றால், எல்லா ஃபைனும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஹெல்மெட் போடாதது போன்ற சில குற்றங்களுக்குப் போலீஸிடமே பணம் கட்டி முடித்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு வழி விடுகிறது. அப்படி முடிந்தால் அதற்கு மேல் வழக்கு இல்லை, தண்டனையும் இல்லை. குடித்துவிட்டு ஓட்டுவது 185-ஆம் பிரிவு. அது அந்தச் சலுகைப் பட்டியலில் கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. வரிசையில் நின்று, பெயரைக் கூப்பிட்டதும் ‘ஒப்புக்கொள்கிறேன் ஐயா’ என்று சொல்லிப் பணம் கட்டிவிட்டு வந்தது உங்களுக்கு இரண்டு நிமிட வேலையாக இருந்திருக்கலாம். கோர்ட் பதிவேட்டில் அது குற்றத் தீர்ப்பு. அபராதமும் தண்டனைதான், சிறைக்குப் போனால்தான் தண்டனை என்பது நாமாகச் சொல்லிக்கொள்வது.

இது கொஞ்சம் அநியாயமாகத் தெரிகிறதா? உச்ச நீதிமன்றத்துக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. 1996-இல் பவன் குமார் எதிர் ஹரியானா அரசு என்ற வழக்கு. பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டதாக 20 ரூபாய் அபராதம் கட்டியவருக்கு அந்தத் தண்டனையால் அரசு வேலை போயிற்று. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதோடு விடாமல், சில்லறை வழக்குகளில் 2,000 ரூபாய் வரையிலான அபராதத்தை எதற்குமே தண்டனையாகக் கருதக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அப்படி ஒரு பொதுச் சட்டம் வரவே இல்லை. பிரிட்டனில் 1974-இலேயே, சிறு தண்டனைகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் காலாவதியாகிவிடும், பெரும்பாலான வேலைகளில் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நம்மிடம் அது இல்லாததால் ‘மூன்று வருடம் ஆகிவிட்டதே’ என்பது பதிலாகாது.

சரி, சொன்னால் வேலை போய்விடுமா? வாகனம் ஓட்டும் வேலை என்றால் கஷ்டம்தான், அதில் வாதாடப் பெரிதாக ஒன்றுமில்லை. கணக்கு, மென்பொருள், விற்பனை மாதிரி வேலைகளில் பழைய 185 ஒன்றை மட்டும் வைத்து ஆளை வேண்டாம் என்பது வழக்கமாக நடப்பதில்லை. மறைத்தது தெரிந்தால் கதை வேறு. உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள்: ‘தந்த விவரம் பொய்யென்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் பணிநீக்கம்’ என்ற வரி அநேகமாக இருக்கும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருடம் ஆனாலும் அந்த வரி உயிரோடுதான் இருக்கும். வெரிஃபிகேஷன் ஏஜென்சிகள், நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். அது எல்லோருக்கும் திறந்திருக்கும் தளம்.

அரசு வேலைக்கு இதில் தெளிவான வழிகாட்டுதலே உண்டு. அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது இது: விவரம் உண்மையாக இருக்க வேண்டும், படிவம் குறிப்பாக எதைக் கேட்கிறதோ அதைச் சொன்னால் போதும், மறைத்தது அற்பமான குற்றம் என்றால் நிர்வாகம் விரும்பினால் மன்னிக்கலாம். ‘விரும்பினால்’ என்பதைக் கவனியுங்கள், அது உங்கள் உரிமை இல்லை. உண்மையைச் சொன்னாலும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. போலீஸ், துணை ராணுவம் என்றால் இன்னும் கறார். உங்களுடையது தனியார் நிறுவனம். அங்கே பேசப்போவது பெரும்பாலும் ஒப்பந்தம்தான்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் சொதப்புகிறார்கள். நண்பன் கல்யாணம், ஒரே ஒரு பீர், அன்றைக்கு மனசு சரியில்லை என்று அரைப் பக்கம் எழுதுவார்கள். ஹெச்.ஆரில் படிப்பவருக்கு அதெல்லாம் சாக்காகத்தான் தெரியும். இப்படி இருந்தால் போதும்: “மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-இன் கீழ், இன்ன தேதியில், இன்ன நீதிமன்றத்தில், இன்ன எண் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் அபராதம் செலுத்தினேன். வழக்கு முடிந்துவிட்டது. வேறு வழக்கு எதுவும் என் மீது இல்லை. உத்தரவு நகல் இணைத்துள்ளேன்.” கடைசி இரண்டு வாக்கியங்களும் உண்மையாக இருந்தால் மட்டும். உத்தரவு நகல் கையில் இல்லையென்றால் அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு வாங்கலாம். அபராத ரசீதும் இருந்தால் சேர்த்து வையுங்கள்.

ரெஸ்யூமில் இதைப் போட வேண்டியதில்லை. இன்டர்வியூவில் யாரும் கேட்காதபோது நீங்களாக எடுத்துப் பேசவும் வேண்டாம். கேட்ட இடத்தில், கேட்ட அளவுக்கு. ஆனால் ஒன்று: இந்தப் படிவத்தை அனுப்பி, ‘பரவாயில்லை, மேலே போகலாம்’ என்று அவர்களிடமிருந்து மெயிலில் பதில் வந்த பிறகு பழைய இடத்தில் பேப்பர் போடுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கக் கூடாது.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. படிவத்தில் ‘கைது’, ‘வழக்கு’, ‘தண்டனை’ எல்லாம் தனித்தனிக் கேள்விகளாக வரலாம், மத்திய அரசு படிவங்களில் அப்படித்தான் இருக்கும். வழக்கில் குற்றவாளி இல்லை என்று விடுதலையானவர் ‘தண்டனை உண்டா’ என்பதற்கு ‘இல்லை’ என்று எழுதலாம், ‘வழக்கு இருந்ததா’ என்பதற்கு அப்படி எழுத முடியாது. 18 வயதுக்கு முன் நடந்தது என்றால், மிகக் கொடிய குற்றங்களில் சில தவிர, 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு காப்பாற்றும். அந்தக் கேள்வி வந்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டே எழுதுங்கள்.

ஏற்கெனவே ‘இல்லை’ என்று போட்டு அனுப்பியாகிவிட்டதா? ஏஜென்சி அறிக்கை வரும்வரை காத்திருக்காமல், ‘அந்தக் கேள்விக்கு நான் தந்த பதிலைத் திருத்துகிறேன்’ என்று தொடங்கி, மேலே சொன்ன அதே வரிகளை இன்றைக்கே ஹெச்.ஆருக்கு மெயிலில் அனுப்புங்கள். போனில் சொன்னால் பதிவு இருக்காது.